பேனல் கையில் இருக்கும்போது

எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பேனல் கையில் இருக்கும்போது யாரும் யாரையும் திட்டக்கூடாது.

சட்டம் போட்டவள் என் அண்ணி. போட வைத்தவள் நான். டிவிக்குள் இருக்கும் பேனல், வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பதுபோல் முரட்டுச் சாமான் இல்லை. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடு, நடுவில் திரவப் படிகம் என்று ஒரு சமாசாரம், எல்லாம் சேர்ந்தும் ஒரு நாணயத்தின் தடிமன் வந்தால் அதிகம். ஒருத்தியாகத் தூக்கினால் வளையும். வளைந்தால் போச்சு. அதனால் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒன்றாகத் தூக்கி ஒன்றாக இறக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித் தூக்கிக்கொண்டிருந்தபோது, காலையில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வந்தது யார் என்று ஒரு பேச்சு வந்தது. எனக்குத்தான் மூக்கின் மேல் கோபமாயிற்றே. "நானா? நானா திறந்து போட்டேன்?" என்று ஓர் உதறு உதறினேன். நாற்பத்து மூன்று அங்குலப் பேனல் டப்பென்றது. குறுக்கே ஒரு கோடு ஓடியது.

அண்ணி ஒரு காகிதத்தை எடுத்தாள். சுவரில் பெரிய எழுத்தில் சட்டத்தை எழுதி ஒட்டினாள். அதன் கீழே எனக்கு மட்டும் புரியும்படி ஒரு வெடிகுண்டுப் படம் வரைந்தாள். அன்றிலிருந்து என் பெயர் வெடி.

சட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் ஓட்டையும் இருக்குமல்லவா? சீக்கிரமே இருவரும் கண்டுபிடித்துவிட்டோம். சொல்லப் பயமாக இருக்கும் விஷயத்தைப் பேனல் கையில் இருக்கும்போது சொல்லிவிட வேண்டியது. எதிராளியால் கத்த முடியாது. இறக்கி வைப்பதற்குள் பாதி ஆத்திரம் ஆறிவிடும். அவளுடைய வெள்ளைச் சட்டையை என் சிவப்புத் துணியோடு ஊறவைத்து ரோஸ் ஆக்கியதை அப்படித்தான் சொன்னேன். நகரத்தின் பெரிய சர்வீஸ் சென்டரில் டெக்னீஷியன் வேலைக்குத் தேர்வு எழுதப் போவதாக அவளும் அப்படித்தான் சொன்னாள்.

"கடையை விட்டுட்டுப் போறீங்களா?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வளைக்காதே, வெடி. மெதுவா. ஆமா, போகப் போறேன்."

அண்ணன் கப்பலில் சமையல்காரன். வருடத்துக்கு இரண்டு முறை வருவான், தூங்குவான், போய்விடுவான். வீட்டின் முன்னறையில் இருக்கும் இந்த ரிப்பேர் கடையை அண்ணி தனியாகத்தான் உண்டாக்கினாள். நான் வாடிக்கையாளரிடம் பேசுவேன், சண்டை போடுவேன், அந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவேன். அவ்வளவுதான். வேலையெல்லாம் அவள் கை. ஆனால் முன்னறைக்கு வருவது அடுத்த மூன்று தெருவின் பழைய டிவிக்கள். பெரிய சென்டரில் எல்லா வகைப் பேனலும் வரும், அளக்கிற கருவி இருக்கும், பேர் இருக்கும். ஒன்பது வருடமாக அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் அண்ணி நடையைக் குறைப்பாள். நான் கவனிக்காத மாதிரி நானும் குறைப்பேன்.

முதல் தடவை எழுதினாள், தோற்றாள். ஏன் தெரியுமா? பெயர். அண்ணி எதையும் யாரிடமும் படித்தவள் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, அது என்ன செய்கிறதோ, எப்படி இருக்கிறதோ, அதை வைத்துத் தானே பெயர் வைத்திருந்தாள். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் அவளுக்கு வெள்ளை மெத்தை. வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசர் பால் தாள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் கொண்ட பிரிசம் ஷீட் வரித்தாள். பேனலின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் போலரைசர் கறுப்புத் தோல். எந்தப் புள்ளி எப்போது எரிய வேண்டும் என்று தகவல் கொண்டுபோகும் டி-கான் போர்டு தபால்காரர். விடைத்தாள் முழுக்க இப்படியே எழுதி வைத்துவிட்டு வந்தாள். திருத்தியவர் தபால்காரரைப் பார்த்துச் சிரித்திருப்பாரோ என்னவோ, மதிப்பெண் போடவில்லை.

இரண்டே வாய்ப்புதான் தருவார்கள். வயதும் நாற்பதைத் தாண்டக்கூடாது. அண்ணிக்கு நாற்பது முடிய இரண்டு மாதம் இருந்தது. ஆகவே இது கடைசி.

"பெயர்தானே? அதை என்கிட்ட விடுங்க," என்றேன். "இந்த வீட்டில பட்டம் வாங்கினவ ஒருத்தி இருக்கேன்ல? சரித்திரப் பட்டமா இருந்தா என்ன?"

உடைந்த டிவி ஒன்றைப் பிரித்து, மேசையில் வரிசையாக அடுக்கி, ஏழு பாகத்துக்கும் ஸ்டிக்கரில் பெயர் எழுதி ஒட்டினேன். ரிஃப்ளெக்டர், எல்.இ.டி. பட்டை, டிஃப்யூசர், பிரிசம், பேனல், போலரைசர், டி-கான். படத்தைக் கொடுத்து ஏழு பெயரைக் கேட்பார்கள். குறைந்தது ஆறு சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. அண்ணி காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பாவம், கண்ணும் கருத்துமாகப் படித்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்.

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது நான் மேசையைத் துடைத்தேன். ஈரத் துணி பட்டு இரண்டு ஸ்டிக்கர் கழன்று விழுந்தது. எடுத்து ஒட்டிவிட்டேன். அதில் என்ன இருக்கிறது?

மறுநாள் அண்ணி அந்த இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "வெடி, நேத்து இது டிஃப்யூசரா இல்ல இருந்துச்சு? இப்ப பிரிசம்னு ஒட்டியிருக்கே?"

அப்போது வாசலில் ஒருவர் ரிமோட்டை நாய் கடித்துவிட்டது என்று நின்றுகொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். "பட்டம் வாங்கினது நீங்களா நானா? ஒட்டியிருக்கிறதைப் படிங்க அண்ணி, சும்மா குழப்பிக்காதீங்க!" என்று கத்தினேன். அண்ணி தலையாட்டிவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

தேர்வு நாள் வந்தது. செய்முறைத் தேர்வில் பேனலைத் தூக்க ஓர் உதவியாளை அழைத்து வரலாம் என்று விதி. அதனால் நானும் போனேன். பயிற்சி நிலையத்தின் முதல் மாடியில் நீளமான நடை, இரு பக்கமும் அறைகள், தரையில் கிருமிநாசினி வாடை. அண்ணி எழுத்துத் தேர்வுக்கு உள்ளே போனதும், நான் பொழுது போகாமல் சுவரில் இருந்தவற்றையெல்லாம் படித்துக்கொண்டே நடந்தேன். தீயணைப்பு விதிகள். கழிப்பறை வழி. அப்புறம் டிவியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டும் ஒரு பெரிய வண்ணப்படம்.

அட, எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே என்று பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது: பால் போன்ற தாள். கீழே டிஃப்யூசர் என்று இருந்தது. நான்காவது: நுண்ணிய கோடுகள் வரைந்த தாள். கீழே பிரிசம் என்று இருந்தது.

எங்கள் வீட்டு மேசையில் கோடு போட்ட தாளின் மேல்தான் டிஃப்யூசர் ஸ்டிக்கர் இருந்தது. எட்டு நாளாக. நான் ஒட்டியது. எனக்கு இரண்டும் வெறும் வெள்ளைத் தாள். எது எது என்று பார்க்கக்கூட இல்லை. கேட்டவளைக் கத்தி அடக்கினேன். ஏழில் இரண்டு தப்பானால் மிச்சம் ஐந்து. சனியன் பிடித்த கணக்கு, எத்தனை முறை போட்டாலும் ஐந்துதான் வந்தது.

அண்ணி வெளியே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "ஏழையும் எழுதிட்டேன் வெடி! ஒண்ணுகூட விடலை. உனக்கு என்ன வேணும் சொல்லு, வாங்கித் தரேன்."

இப்போது உண்மையைச் சொன்னால் அவள் கை நடுங்கும், செய்முறையும் போய்விடும். சொல்லாமல் இருந்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போய், குடிக்காமல் திரும்பி வந்தேன்.

செய்முறை அறையில் மதிப்பெண் போடும் தேர்வாளர் ஒருவர்தான். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேசும்போது அதை மாட்டுவார், கேட்கும்போது கழற்றுவார். மேசையில் முப்பத்திரண்டு அங்குல டிவி. ஏதோ நீச்சல் போட்டியின் கூச்சல் கேட்டது. திரை மட்டும் கன்னங்கரேல்.

"எந்தப் பாகம் பழுதுன்னு சொல்லணும். நாற்பது நிமிஷம்," என்றார்.

அண்ணி நாற்பது நொடிகூட எடுக்கவில்லை. பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள், திரையில் சாய்வாக அடித்தாள், குனிந்து பார்த்தாள். "படம் இருக்குங்க. வெளிச்சம்தான் இல்லை. பேனல் நல்லா இருக்கு. பின்னாடி இருக்கிற பேக்லைட் செத்துப்போச்சு."

தேர்வாளர் கண்ணாடியை மாட்டினார், குனிந்தார், கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. எங்க விடைக்குறிப்புல பேனல் பழுதுன்னுதாம்மா போட்டிருக்கு."

"விடைக்குறிப்பு தப்புங்க," என்றாள் அண்ணி. அவ்வளவு சாதாரணமாக. நானாக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பேன்.

"காலையிலேர்ந்து நாலு பேர் பேனல்னுதான் சொன்னாங்க."

"அப்ப நாலு பேருக்கும் தப்பு. நான் காட்டட்டுங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் நிறைய இருந்தது. "காட்டுங்க."

அண்ணி ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். விளிம்புச் சட்டத்தை எடுத்தாள். என்னை அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லி, பேனலையும் அதில் ரிப்பனால் தொங்கும் போர்டுகளையும் ஒயர்களைக் கழற்றாமல் ஒரு மெத்தென்ற துணிமேல் இறக்கிவிட்டு, அடியில் இருந்த தாள்களையும் பட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். பிறகு மேசையைச் சத்தமில்லாமல் ஜன்னலோரம் நகர்த்தித் திரைச்சீலையை விலக்கினாள். முற்பகல் வெயிலில் கண் கூசியது.

"சூரியனைத்தான் பேக்லைட்டா வெக்கப் போறேன்," என்றாள். பால் தாளைத் தூக்கி என்னிடம் கொடுத்தாள். "வெடி, இந்தப் பிரிசத்தை ஜன்னல் கண்ணாடியில டேப் போட்டு ஒட்டு. வெயில் ஒரே சீரா வரும்."

தேர்வாளரின் புருவம் மேலே போனது. "இது பிரிசமா?"

"ஆமாங்க."

அவர் எதிரே இருந்த காகிதத்தில் ஏதோ குறித்தார். அண்ணியின் முகம் ஒரு கணம் குழம்பியது. டேப் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எப்படியோ ஒட்டினேன்.

"வா, தூக்கலாம்," என்றாள் அண்ணி.

நான் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். வெறும் கண்ணாடி. உள்ளங்கையில் அதன் விளிம்பு குளிர்ந்தது. "ம்," என்றாள். தூக்கினோம். ஜன்னலுக்கு நேராக நிறுத்தினோம்.

நீலம்! கறுப்பாக இருந்த கண்ணாடி முழுக்க நீலத் தண்ணீர். எட்டுப் பேர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள். கூச்சல் அப்போதுதான் படத்தோடு சேர்ந்தது. வெயில் பேனலைத் துளைத்து வந்து தேர்வாளரின் வெள்ளைச் சட்டையில் மங்கலான நீலமாக விழுந்தது. அவர் கண்ணாடியை மாட்டவே மறந்துவிட்டார். "அட," என்றார். அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பையன் மாதிரி, "அட, அட," என்றார்.

அண்ணி சிரித்தாள். இதற்கு மேல் எப்போது சொல்வது? பேனல் கையில் இருந்தது.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் குரலில் நான் ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று இரண்டு வருடமாகத் தெரியும். "வளைக்காதே," என்றாள். "சொல்லு."

"மேசை துடைக்கிறப்போ ரெண்டு ஸ்டிக்கர் கழண்டுச்சு. மாத்தி ஒட்டிட்டேன். நீங்க பிரிசம்னு சொல்றது டிஃப்யூசர். டிஃப்யூசர்னு சொல்றது பிரிசம். வெளியில படத்தைப் பார்த்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. பேப்பர்லயும் தப்பாதான் எழுதியிருப்பீங்க. எல்லாம் என்னாலதான். நான் ஒரு மடச்சி."

நீச்சல்காரர்கள் எட்டுப் பேரும் சுவரைத் தொட்டுத் திரும்பினார்கள். அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உதட்டை மடித்துக் கடித்தாள். ஆனால் அவள் பக்கத்துக் கண்ணாடி ஒரு முடியளவும் அசையவில்லை.

"ம்," என்றாள். இறக்கினோம்.

தேர்வாளர் இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தம்மா யாரு உங்களுக்கு?"

"நாத்தனாருங்க," என்றாள் அண்ணி. அந்தச் சொல்லில் எத்தனை திட்டு இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் எழுத்துத் தேர்வுத் தாளை எடுத்துப் பார்த்தார். "ஏழுல அஞ்சு. ரெண்டு தப்பு, ஒண்ணுக்கொண்ணு மாறி. இதை நான் திருத்த முடியாது. ஆனா ஒரே ஒரு மதிப்பெண் குறைஞ்சு நின்னா பாகங்களை முன்னாடி வெச்சு ஒரு தடவை வாய்மொழியா கேக்கலாம்னு விதி இருக்கு. பெயரும் சொல்லணும், வேலையும் சொல்லணும். ஒரே தடவைதான்." என்னைப் பார்த்தார். "நீங்க வெளியில இருங்க."

கதவு மூடியது. கதவில் முகத்தளவு கண்ணாடி இருந்தது. பார்க்கலாம், கேட்க முடியாது. அண்ணி மேசையருகே நின்றாள். முதல் பாகம், தொட்டாள், வாய் அசைந்தது. இரண்டாவது. மூன்றாவதுக்கு ஜன்னலில் ஒட்டியிருந்த தாளிடம் போனாள். அங்கே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். எட்டு நாள் ஒப்பித்ததை ஒரு நிமிடத்தில் எப்படி அழிப்பது? என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பார், அண்ணி, தாளைப் பார், ஸ்டிக்கரை மற என்று கதவோடு பேசினேன். அந்தப் பக்கம் போன ஒரு பெண் ஒதுங்கி நடந்தாள்.

அண்ணி கையை நீட்டித் தாளைத் தடவினாள். உள்ளங்கையை இரு பக்கமும் விரித்துக் காட்டினாள், வெளிச்சம் பரவுவது போல. அடுத்த தாளை எடுத்தாள், நகத்தால் ஒரு கீறு கீறினாள், இரண்டு கையையும் நேராக முன்னால் நீட்டினாள், சிதறும் வெளிச்சத்தை நிமிர்த்தி முன்னால் அனுப்புவது போல. பிறகு மீதி மூன்றும் மளமளவென்று.

தேர்வாளர் எழுதினார். முதலில் அவள் தாளில். அப்புறம் தன் விடைக்குறிப்பை எடுத்து, அதில் இருந்த எதையோ குறுக்கே அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். அதைப் பார்த்ததும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாடிப்படியில் அண்ணி திட்ட ஆரம்பித்தாள். ஆரம்பம் என்றால் அப்படி ஓர் ஆரம்பம். என் அண்ணன், என் சரித்திரப் பட்டம், என் ஈரத் துணி, ஒன்றையும் விடவில்லை. தெருமுனை வரை திட்டினாள். நான் தலையைக் குனிந்து, வாயெல்லாம் பல்லாக நடந்து வந்தேன். பெரிய சர்வீஸ் சென்டர் வாசலில் வழக்கம்போல் நடையைக் குறைத்தாள். நின்றாள். "முதல் தேதி வரச் சொல்லியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நானும்.

வீட்டுக்கு வந்து காபி குடித்தோம். மேசையில் ஏழு பாகமும் என் ஸ்டிக்கரோடு அப்படியே கிடந்தன. எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாம் என்றாள். உடைந்த பேனல்தான் என்றாலும், வழக்கம் வழக்கம். இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

"வெடி," என்றாள் அண்ணி. "நான் ஒண்ணு சொல்லணும்."

என் பக்கத்து விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். "சொல்லுங்க."

"பேப்பர் எழுதறப்போ எனக்குத் தெரியும். கோடு இருக்கிற தாள் டிஃப்யூசரா இருக்க முடியாதுன்னு மனசு சொல்லிட்டே இருந்துச்சு. எட்டு நாளா சொல்லுச்சு. மறுபடி உன்கிட்ட கேக்கணும்னு நாலு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு." பேனலின் மேல் விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கத்துவியேன்னு கேக்கலை."

நான் கத்தவில்லை. கையில் பேனல் இருந்தது.

இறக்கி வைத்த பிறகும் கத்தவில்லை. சுவருக்குப் போய், சட்டம் எழுதிய தாளில் 'பேனல் கையில் இருக்கும்போது' என்ற பகுதியை மட்டும் பேனாவால் அடித்தேன். மிச்சத்தை அப்படியே விட்டேன். அண்ணி கிட்டே வந்து படித்தாள். "உன்னால முடியாது," என்றாள்.

"முடியலைன்னாலும் கேளுங்க," என்றேன். "எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க அண்ணி."